நகத்துக்குச் சிக்காத பச்சை

வினைல் தாளைச் சூடாக்கி இளக்கி ஒட்டும் ஹீட் கன்னை மகள் அணைத்துவிட்டு நிமிர்கிறாள். வாசல் கொட்டகைக்குள் சாயும் வெயிலில் அப்பாவின் பழைய கார் கரும்பச்சையாக மினுங்குகிறது. "பெயிண்ட் அடிக்காம ஸ்டிக்கர் ஒட்டுறாளாம்" என்று இத்தனை நாளும் முனகிய அப்பா, பம்பர் வளைவில் கட்டைவிரல் நகத்தை ஓட்டி வினைலின் விளிம்பைத் தேடுகிறார். நகம் எங்கும் சிக்கவில்லை. கதவைத் திறக்கிறார், உள்ளோரத்தில் அவர் வாங்கிய காலத்துச் சிவப்பு அப்படியே இருக்கிறது. "ம்" என்கிறார். அந்த "ம்" லேசில் வராது என்பது மகளுக்குத் தெரியும், முதுகுவலி மறந்துபோகிறது. வெளிச்சிவப்பு வெளிறத் தொடங்கியதிலிருந்து, கார் நின்ற மறுநிமிஷமே அவர் உறை போட்டு மூடிவிடுவார். பழக்கதோஷத்தில் அந்த உறையை அவள் விரிக்கிறாள். அவர் அதை வாங்கி, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். "இருக்கட்டும்மா. நாலு பேர் பாக்கட்டும்."