இடதா, வலதா

படுக்கையறைச் சுவருக்கு முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தி, எந்த நிறம் பிடித்திருக்கிறது என்று கேட்டான் கணவன்.

அவளுக்குச் சுவரே தெரியவில்லை.

இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் கட்டிலில் நாத்தனார். கட்டில் கிறீச்சிட்டதில் தெரிந்தது.

மழைக்காலத்திலிருந்தே பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இப்போது ஜன்னல் பக்கம் ஒரு வெளுப்பு, மற்றதெல்லாம் புகை. யாரிடமும் மூச்சு விடவில்லை. தையல் மிஷினை மூடி வைத்தபோது முதுகுவலி என்றாள். உப்பையும் சர்க்கரையையும் நாக்கில் வைத்துப் பார்த்துப் பிரித்தாள்.

நாத்தனாருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பிள்ளை இல்லாதவள். கண் தெரியாதவள் கையில் பச்சைக் குழந்தையை எப்படி விடுவது, நான் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்று தம்பியிடம் அவள் சொன்னது இவள் காதில் விழுந்தது. அவள் பிள்ளையை நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றான் அவன். ஆனால் குரலில் உறுதி இல்லை.

அதனால் இன்று தவறவே கூடாது.

நேற்று சாப்பிடும்போது அக்காவும் தம்பியும் வண்ண அட்டையை வைத்துக்கொண்டு பேசியதை ஒரு வார்த்தை விடாமல் மனதில் ஏற்றியிருந்தாள். இரண்டுமே மயில்கழுத்து நிறம்தான். ஒன்றில் பச்சை தூக்கல், மற்றதில் நீலம். பச்சையை இடப்பக்கமும் நீலத்தை வலப்பக்கமும் அடித்துப் பார்ப்பதாகப் பேச்சு.

வீடெல்லாம் பெயிண்ட் வாசனை.

கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னான். போனாள். கையை நீட்டியவள், ஈரமாக இருக்குமே என்று இழுத்துக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். அவசரப்படவில்லை.

“இடது பக்கம் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குங்க. வலது பக்கம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. அதையே அடிச்சிடலாம்.”

பின்னால் கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

சரியாகச் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். குழந்தையின் உச்சியில் முத்தமிட்டாள்.

நாத்தனார் எழுந்து வந்து, குழந்தையின் அக்குளில் கை கொடுத்து மெதுவாகத் தூக்கிக்கொண்டாள். சந்தோஷத்தில் தூக்குகிறாள், தூக்கட்டும் என்று இவளும் பிடியைத் தளர்த்தினாள்.

ஹாலில் வேலை செய்துகொண்டிருந்த பெயிண்டர் வந்து கதவருகே நின்றான்.

“ஹால் முடிஞ்சுது சார். இந்தச் சுவத்துல சாம்பிள் இப்போதைக்கு அடிக்க வேணாம்னு சொன்னீங்களே, இனிமே அடிக்கலாமா?”