எண்பது டிகிரி

"கை தூக்கச் சொல்லுங்க சார். யார் எந்தப் பக்கம்னு தெரியட்டும்."

நிரஞ்சனா இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் சுண்டல் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது.

மியூனிக்கின் இசார் தமிழர் மன்றத்தில் எதையும் ஓட்டுக்கு விடும் வழக்கமில்லை. தலைவர் அனந்தராமன் "எல்லாருக்கும் ஓகேதானே?" என்பார். எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். தீர்மானம் நிறைவேறிவிடும். அவர் சிபாரிசில் வேலையோ வாடகை வீடோ கிடைக்காதவர்கள் அந்த அறையில் குறைவு.

வரும்போது ரயிலில், அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் நவநீத்கூடச் சொன்னான்: என்ன வேணும்னாலும் பேசு, கை தூக்க மட்டும் சொல்லாதே.

பிரச்சினை, பொங்கல் விழாவுக்கு அவள் எழுதிய நாடகத்தின் கடைசிக் காட்சி. புரட்சி முடிந்த சூட்டில் ரஷ்யாவில் நடக்கிற கதை. ஊரில் விறகுப் பஞ்சம். இனித் தண்ணீர் எண்பது டிகிரியிலேயே கொதிக்கும் என்று கட்சிக் குழு தீர்மானம் போடுகிறது. எல்லாரும் கை தூக்குகிறார்கள். தெர்மாமீட்டரோடு நிற்கும் விஞ்ஞானி மட்டும் தூக்குவதில்லை.

அதை எடுத்துவிட வேண்டுமாம்.

"அது ரஷ்யாதாம்மா, ஒத்துக்கறேன்," என்றார் அனந்தராமன். "முன்வரிசையில உக்காரப்போறது ரஷ்யாக்காரங்க இல்லையே. நம்ம தூதரகத்துலேர்ந்து வராங்க, தங்களைத்தான் சொல்றோம்னு எடுத்துப்பாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்ற நாளிலிருந்து அவள் கேட்டு வரும் பேச்சு இது. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

"கை தூக்கச் சொல்லுங்க," என்றாள் மறுபடியும்.

அனந்தராமன் பெருமூச்சு விட்டார். "சரி. காட்சி வேண்டாம்ங்கறவங்க?"

ஒரு கை. பிறகு இன்னொன்று. பிறகு பக்கத்துக் கையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக. கட்சிக் குழுவாக நடிப்பவர்கள் ஒத்திகையில் ஒருநாளும் இவ்வளவு இயல்பாகத் தூக்கியதில்லை.

விஞ்ஞானியாக நடிப்பது நவநீத். மாதக்கணக்கில் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றைத்தான்: பயம் முகத்தில் தெரியலாம், கையில் தெரியக்கூடாது.

கடைசியாக அவன் கை எழுந்தது. தோள் உயரத்துக்குத்தான். அனந்தராமன் அதையும் எண்ணிக்கொண்டார்.

நிரஞ்சனா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். காட்சி போய்விடும் என்பது வரும்போதே அவளுக்குத் தெரியும். அவள் பார்க்க வந்தது அந்த ஒரு கையைத்தான்.

நவநீத் வாசல்வரை ஓடிவந்தான். "நிரு, வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"யார் வீட்ல?" என்றாள், பொத்தான்களைப் போட்டபடியே.

அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருவர் பெயரும் ஒட்டியிருக்கும் வீட்டுக்கு ரயில் பிடிக்க, இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

அவள் வலப்பக்கம் திரும்பி நடந்தாள்.