மசாலாவுக்கு ஒரு மதில்

ஹாமித் பாய்க்குத் திருடன் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்த சந்தோஷத்தில் கல்லாவில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டினார்.

"இன்னொரு தடவை சொல்லு ரூபி. தினமும் எத்தனை மணிக்கு?"

"காலையில ஒன்பதுக்கு, பாய். உங்க வைஃபை வழியா யாரோ ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள வாராங்க. நேரா மசாலா ஃபைலைத் திறக்குறாங்க. நாலே நிமிஷம். போயிடுறாங்க."

பேகம்பூரில் ஹாமித் பாயின் பிரியாணிக் கடையைத் தெரியாதவர் கிடையாது. அந்த மசாலாவின் அளவைத் தெரிந்தவரும் கிடையாது, பாயையும் மாஸ்டர் முத்துச்சாமியையும் தவிர. காலை எட்டரைக்கு பாய் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்கு எத்தனை கிராம் கிராம்பு, எத்தனை கிராம் பட்டை, எவ்வளவு உப்பு என்று அடித்து வைத்துவிட்டுக் கல்லாவுக்கு வந்துவிடுவார். ஒன்பதரைக்கு மாஸ்டர் சமையற்கட்டில் இருக்கும் திரையைப் பார்த்து நிறுத்து அரைப்பார். அளவு அன்றாடம் மாறும். அது பாயின் மூக்கு போடும் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் ஒருவன் தினமும் திருடுகிறான்!

ஒன்பது மணிக்கு வாசல் டீ ஸ்டாலில் நிற்பது யார்? எதிர்க்கடை மேனேஜர் பாஸ்கல். ஒரு கையில் டீ, மறு கையில் போன், ஓசியில் பாயின் வைஃபை.

"பாஸ்கல் அண்ணனா?" ரூபிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க சர்ச்சுல பாடுறவரு, பாய். ஒரு போட்டோ அனுப்பவே என்கிட்டதான் வருவாரு."

"அதான் நடிப்பு! எம்புட்டு அப்பாவியா டீயை ஊதுறான் பாரு."

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் ரூபி, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "ஃபயர்வால்ல, அதான் கம்ப்யூட்டருக்குக் கட்டுற மதில்ல, மூணு ஸோன் போடுறேன். உள்வீடு, வாசல், தடை. ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் கதவு நம்பர் மாதிரி ஒரு முகவரி இருக்கு. உங்க கம்ப்யூட்டரும் மாஸ்டரோட திரையும் பத்தாம் தெரு. வைஃபைல வர்றவங்க எல்லாம் இருபதாம் தெரு. திருடன் வந்தது அந்தத் தெருவுல முப்பத்தேழாம் வீட்டுல இருந்து. அந்த ஒரு வீட்டைத் தடையில போட்டாப் போதும்."

"நாளைக்கு அவன் வேற போனைத் தூக்கிட்டு வந்தா?"

"வேற வீட்டு நம்பர் கிடைக்கும்."

"அப்ப தெருவையே அடைச்சிரு!"

"முழுத் தெருவா? இருநூத்தம்பது வீட்டுக்கு மேல இருக்கு, பாய். அதுல யாரு யாரு இருக்காங்கன்னு செத்த பார்த்துட்டு..."

"பார்க்கிறதுக்கு நேரமில்ல தாயி. நாளைக்குச் சாயங்காலம் நானூறு பிளேட்டு வலிமா விருந்து ஆர்டர். மாப்பிள்ளை வீடு மதுரை. என் அளவு எதிர்க்கடை அடுப்புல கொதிச்சா அப்புறம் நான் எதுக்குக் கடை நடத்தணும்? போடு!"

ரூபி 192.168.20.0 என்று அடித்து, ஒரு சாய்கோடு, ஒரு 24 சேர்த்தாள். இருபதாம் தெரு ஒரே தட்டில் அடைபட்டது.

மறுநாள் ஒன்பது மணி. பாஸ்கல் போனை உதறினார். வானத்தை நோக்கித் தூக்கினார். டீயை வைத்துவிட்டு ஒற்றைக் காலில் எம்பினார்.

"பாய், வைஃபை செத்துப்போச்சா? கட்டிக்கப்போற பொண்ணுக்குக் குட்மார்னிங் போடணும்!"

"நேர்ல போய்ச் சொல்லுப்பா!" என்று கத்திய பாய், கல்லாவுக்குப் பின்னால் குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தார். வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இந்தக் காட்சியை விட்டுவிட்டு யார் பேசுவது? இரண்டு தடவையும் வெட்டினார்.

மதியம் பன்னிரண்டேகாலுக்கு முதல் இலை விழுந்தது. ஒரு வாய் சாப்பிட்டவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாய், தண்ணி பாட்டில் ஏஜென்சி எடுத்திருக்கீங்களா?"

இன்னொருவர் இலையோரம் கிராம்பாகப் பொறுக்கி வைத்தார். "எனக்குப் பல்லுவலின்னு உங்களுக்கு யாரு பாய் சொன்னது?"

ஒரு மணிக்குள் பெஞ்சுகள் காலி. எதிர்க்கடையில் வரிசை நின்றது.

"முத்துச்சாமி! என்னத்தைய்யா போட்டே?"

"திரையில இருந்ததை ஒரு கிராம் மாத்தலை, பாய். நீங்க அடிச்ச அளவு, அப்படியே."

பாய் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் நானூறு பிளேட்.

அப்போது மாடி வீட்டிலிருந்து அவர் மனைவி நர்கீஸ் தடதடவென்று இறங்கி வந்தாள், கையில் போனோடு.

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடுறது? காலையிலயிருந்து மாடியில வைஃபை இல்ல. உங்க மசாலா ஃபைலுக்குள்ள போகவே முடியல."

"நீ எதுக்கு அதுக்குள்ள போற?"

"எதுக்கா? கிராம்பைப் பாதியாக்கி, உப்பைக் குறைக்க வேணாமா? கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தி உங்களுக்குத் தெரியாம, நிறுத்து வச்ச தட்டுல இருந்து அள்ளுவேன். இப்ப போன்லயே முடிஞ்சிருது. பதினேழு வருஷமா இதுதானே என் காலை வேலை?"

பாய் காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், நிக்காஹ் அன்றைக்குப் பார்த்த மாதிரி. பிறகு ரூபிக்குப் போன் போட்டார்.

"திருடன் மாட்டிட்டானா, பாய்?"

"மாட்டியாச்சு. இருபதாம் தெரு முப்பத்தேழாம் வீட்டை உடனே உள்வீட்டு ஸோன்ல போடு, தாயி. தடையில என் கம்ப்யூட்டர் ஒண்ணை மட்டும் போடு."