வாத்துத் துணி

கிளாட்வின் ஸ்டீல் கிட்டார் வாசிக்கும்போது, கம்பிகள்மேல் வழுக்கும் இரும்புத் துண்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு முனகல் கேட்கும். வெளியூர்க் கச்சேரிக்குப் போய்வந்த பிறகு அது நின்றுவிட்டது. கிட்டாரைத் துடைக்க எடுத்த மனைவி ஜாஸ்லின், கம்பிகளின் தலைமாட்டில் ஒரு துணி செருகியிருப்பதைப் பார்த்தாள். மஞ்சள் வாத்துகள் போட்ட குழந்தைச் சட்டையின் கிழிசல். அவர்கள் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்ததே இல்லை.

“இது ஏதுங்க?”

“அங்க கிடந்துச்சு. சத்தத்த அடக்கணும்ல.”

அவள் துணியை உருவினாள். “இப்ப வாசிங்க.”

வாசித்தான். ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் முனகல் வந்தது. அவள் துணியை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள். கிளாட்வின் உள்ளங்கையால் எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடித்தான்.