மூணு மணிக்கு மேலே
ஆசிரியர்களின் வேலைநிறுத்தத்தால் பள்ளியைப் பூட்டிப் பதினோரு நாளாகிறது. பேச்சு வராத, தனியே விட முடியாத பதினான்கு வயது ஜோசி பையை மாட்டிக்கொண்டு, வராத மஞ்சள் பேருந்துக்காக ஜன்னல் கண்ணாடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா லொரெட்டா, மர அறுவை ஆலைக்குக் கிளம்ப மாட்டிய பூட்ஸோடு போனில் கத்துகிறாள். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும். "பிள்ளையப் பாத்துக்க மூணு மணிக்கு மேலதாம்மா ஆள் அனுப்புவோம். அதுவரைக்கும் அவ பள்ளிக்கூடத்துல இருக்கறதா எங்க தாள்ல இருக்கு," என்கிறாள் மறுமுனையில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான அரசு உதவி அலுவலகத்துக்காரி. "மூணு மணிக்கு என் ஷிஃப்டே முடிஞ்சிரும் தாயே!" லொரெட்டா போனை ஜன்னலருகே நீட்டுகிறாள். டங், டங், டங். "கேக்குதா? பள்ளிக்கூடத்துல இருக்கற பொண்ணுதான் தட்டுறா." "புரியுதும்மா. ஆனா தாள்ல..." ஆலைச் சங்கு ஊதுகிறது. பேருந்துதான் வந்துவிட்டதென்று ஜோசி சிரித்தபடி கதவுக்கு ஓடுகிறாள். லொரெட்டா உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறாள்.