புது வாணம்

செங்கோடன் முப்பது வருடமாகத் திருவிழாக்களில் வாணம் விடுகிறார். ஒன்று மேலே வெடிக்கும்போது, அவர் குனிந்து அடுத்த குழாய்க்குத் தீ வைத்துக்கொண்டிருப்பார். அண்ணாந்து பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்து அவர் கை கழுவும்போது, கூட்டத்தில் நின்று பார்த்த மனைவி பாவாயி தண்ணீர் ஊற்றியபடியே சொல்வாள், எது எப்படி விரிந்தது, எது எப்படி உதிர்ந்தது என்று. ஆவணியில் அவள் இறந்துபோனாள்.

தை மாதம், மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு வாணம் பேசக் கமிட்டிக்காரர் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்.

“இது எப்படீங்க இருக்கும்?”

“செவந்திப்பூவாட்டம் உருண்டையா விரியுமுங்க.”

“இது?”

“மொறத்துல நெல்லுத் தூத்தறாப்பல பொன்னா எறங்குமுங்க. மொள்ள. பாக்கறவங்க கொஞ்ச நேரம் பேசமாட்டாங்க.”

கமிட்டிக்காரர் சிரித்தார். “வாணம் உடறவரா, பாட்டுக் கட்டறவரா நீங்க?” பிறகு, மூலையில் நீலத்தாள் சுற்றியிருந்ததைக் காட்டினார். “அது புதுசுங்களா?”

“போன வாரந்தான் வந்துதுங்க.”

“அது எப்படி இருக்கும்?”

செங்கோடன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கமிட்டிக்காரர் காத்திருந்தார்.

“சத்தம் நல்லா இருக்குமுங்க” என்றார் செங்கோடன்.