எலும்பின் நிறம்

பல் போன இடத்துக்கு மங்கையர்க்கரசியின் நாக்கு போய்ப் போய்த் திரும்பியது. டாக்டர் பெண் மேசைமேல் இரண்டு செயற்கை வேர்களை வைத்தாள். ஒன்று உலோகத் திருகாணி. மற்றது செராமிக், வெள்ளை வெளேரென்று.

“இந்த வெள்ளையையே வச்சுக்கங்கம்மா. ஈறுல கருப்பு தட்டாது. எலும்போட எலும்பா இருந்துடும், யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“எரிச்சாலுமா?”

டாக்டர் சிரித்துவிட்டாள். “பல்லு கட்ட வந்த இடத்துல என்ன பேச்சும்மா இது?” என்றான் பக்கத்தில் இருந்த மகன் பரிதி.

போன ஆடியில் இவன்தான் தகப்பனின் சாம்பலைக் கிளறி எலும்பு பொறுக்கினான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. கலயத்தைக் கடலில் கரைத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சொன்னான்: “சாம்பல்ல ஒரு திருகாணி கிடந்துச்சும்மா. விறகுல இருந்ததுன்னு புதருக்குள்ள விட்டெறிஞ்சேன்.”

மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றது. அது அவர் கடைவாயில் பல்லுக்கு வேராக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அன்று அவள் சொல்லவில்லை. பிறகும் சொல்ல முடியவில்லை. மழை பிடித்தால் மட்டும் அந்தப் புதர் நினைவுக்கு வந்துவிடும். மற்றதெல்லாம் கடலுக்குப் போய்விட, அவரில் ஒரு துண்டு அங்கே தனியாக நனைந்துகொண்டிருக்கும்.

வெள்ளை வேரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதையென்றால் நாளை தன் சாம்பலிலிருந்து இவன் எலும்பென்று பொறுக்கிக் கலயத்தில் போட்டுவிடுவான்.

“உலோகமே வைங்க.”

“ஏம்மா, அதான் இது நல்லதுன்னு சொல்றாங்கல்ல?”

அவள் தன் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்த மகனின் வலதுகையை, அன்று திருகாணியைப் புதருக்குள் எறிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.